தெருவோடு திருந்திய வீடுகள்

புதிதாக ஒரு வீடு எழும்போது அதைப் பற்றிச் சிந்திப்போர் பலர். பொறியியலார் வரைபடம் வரைகிறார். கொத்தனாரும் தச்சரும் யோசனை சொல்கின்றனர். நகரசபை அனுமதி வழங்குகிறது. உறவினர் கூடிப் புதுமனை புகுவிழாக் கொண்டாடுகின்றனர். ஆனால் கட்டி எழுபது எண்பது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு வீட்டைப் பற்றி இங்ஙனம் சிந்திப்பார் இல்லை. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறோம், சுவர் பொரிந்தால் சாந்து பூசுகிறோம், அவ்வளவே. எனினும், எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், மக்களுள் மிகப் பலர் வாழ்வது முன்பே கட்டி முடிந்து நிற்கும் வீடுகளிலேதான்.

இவ்வீடுகளில் பல எரிபொருளையும் மின்சாரத்தையும் வீணாக்குகின்றன என்பது யாவரும் அறிந்த செய்தி. குளிர் நாட்டில் அறைக்குள் மூட்டிய வெப்பம் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது; வெப்ப நாட்டில் வெயிலின் வெம்மை கூரை வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. அவற்றையெல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நடவாத காரியம். நிற்கிற நிலையிலேயே செப்பனிட வேண்டும். அங்ஙனமாயின் அதை எவ்வாறு செய்வது? அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா? அன்றி, ஒரு தெருவை, ஒரு பேட்டையை முழுமையாக எடுத்துக்கொண்டு, வீடு தவறாமல் செய்து முடிப்பதா?

இக்கேள்விக்கு விடை காண நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. இவ்விரண்டு வழிகளையும் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட காலம் மாறி மாறிப் பரீட்சித்துப் பார்த்த நாடு பிரிட்டன். அந்நாட்டின் அனுபவத்தை முதலில் கண்டு, பின்னர் நமது நாட்டின் அகமதாபாத் நகருக்கு வருவோம்.

தொழிற்புரட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டிற்கும் பக்கச் சுவர். வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலக் கனமுள்ள ஒற்றைச் செங்கற்சுவர். மலைப்பாங்கான இடங்களில் கருங்கற்சுவர். குளிர் காய்வதற்குக் கணப்படுப்பு, அதன் மேல் புகைபோக்கி, எரிப்பது நிலக்கரி. திறந்த கணப்படுப்பில் எரியும் கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து வானத்துக்குப் போய்விடும். எதிரே அமர்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். 1920-களுக்குப் பிறகு இரட்டைச் சுவர் கட்டும் வழக்கம் பரவிற்று. வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், இடையே சுமார் இரண்டு அங்குல வெற்றிடம். மழையின் ஈரம் உட்சுவரை எட்டாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த வெற்றிடம் பிற்காலத்தில் வேறொரு பயனுக்கும் உதவியதை நாம் காண இருக்கிறோம்.

கணப்படுப்பின் தீமையை அந்நாடு உணர்வதற்கு ஒரு பெருந்துயரம் நேர வேண்டியிருந்தது. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி லண்டன் மாநகரைப் புகைகலந்த மூடுபனி கவிந்துகொண்டது. டிசம்பர் 9-ஆம் தேதி வரை அது கலையவில்லை. தெருவில் நடப்பவருக்குத் தம் கால் தமக்குத் தெரியவில்லை. முதியோரும் குழந்தைகளும் மூச்சு நோயாளிகளும் மாண்டனர். இறந்தோர் சுமார் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். தொடர்ந்து வந்த மாதங்களின் மரணங்களையும் சேர்த்துப் பிற்கால ஆராய்ச்சியாளர் 12,000 வரை கூறியுள்ளனர். சர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாட்டில் எழும் புகையில் ஏறத்தாழப் பாதி ஆலைகளிலிருந்து அன்று, வீடுகளின் கணப்படுப்புக்களிலிருந்தே எழுகிறது என்பது அக்குழு எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. ஆலை முதலாளியைக் குறைகூறிக்கொண்டிருந்த குடிமகன், தன் வீட்டுப் புகைபோக்கியையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று.

1956-ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் அமைப்பு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உள்ளூர் ஆட்சிமன்றம் ஒரு வட்டாரத்தை வரையறுத்து, அதனைப் புகைக்கட்டுப்பாட்டு வட்டாரம் என்று அறிவிக்கலாம். அவ்வட்டாரத்தினுள் எந்த வீட்டுப் புகைபோக்கியும் புகை விடலாகாது. வீட்டார் தம் கணப்படுப்பை மாற்றியமைக்க ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை ஆட்சிமன்றம் திருப்பித் தரும். அதில் பத்தில் நான்கு பங்கை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய மூன்று பங்குதான் வீட்டாரின் பொறுப்பு. மான்செஸ்டர் நகரம் இதற்கு முன்னரே 1946-இல் தனிச் சட்டம் ஒன்று பெற்று, 1952-இல் தன் மையப் பகுதியைப் புகையற்ற வட்டாரமாக்கி வழிகாட்டியிருந்தது.

சட்டம் ஏன் வீட்டை விட்டு வட்டாரத்தைப் பற்றிக்கொண்டது? காரணம் எளிது. நாம் ஒருவர் மட்டும் நம் கணப்படுப்பை மாற்றிக்கொண்டால் நம் மூச்சு தூய்மையாகிவிடாது. அடுத்த வீட்டுப் புகை நம் சன்னல் வழியே வரும். எல்லாரும் மாற்றினால்தான் எவர்க்கும் பயன். தனி ஒருவரின் நல்லெண்ணம் இங்கே தோற்றுவிடுகிறது. தெருவின் உடன்பாடே வெல்கிறது. இது எல்லா இடத்திலும் விரைவாக நடந்ததென்று கொள்ளலாகாது. சுரங்கத் தொழிலாளருக்குச் சலுகையாக நிலக்கரி கிடைத்த மாவட்டங்களில் ஆட்சிமன்றங்கள் பல ஆண்டுகள் தயங்கி நின்றன. 1968-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், தயங்கிய ஆட்சிமன்றங்களை வற்புறுத்தும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது.

அடுத்த அத்தியாயம் இதனினும் வியப்புடையது. 1965-இல் வடகடலின் அடியில், பிரிட்டனுக்குரிய பகுதியில், இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதுகாறும் பிரிட்டிஷ் வீடுகளில் எரிந்தது நிலக்கரியிலிருந்து காய்ச்சி எடுத்த வாயு. இயற்கை வாயுவின் வெப்ப ஆற்றல் அதனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பழைய அடுப்பின் துளைகளில் அது ஒழுங்காக எரியாது. ஆகவே ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும், வெந்நீர்க் கலத்தையும், அறை சூடேற்றும் சாதனத்தையும் மாற்றியாக வேண்டும். குழாய் தெருவிற்குப் பொது. ஒரு வீட்டிற்குப் பழைய வாயு, அடுத்த வீட்டிற்குப் புதிய வாயு என்று அனுப்ப இயலாது. எனவே பகுதி பகுதியாக வேலை நடந்தது. முன்கூட்டியே கணக்கெடுப்போர் வந்து, வீட்டிலுள்ள சாதனங்களைக் குறித்துச் செல்வர். குறித்த நாளில் அப்பகுதியின் வாயு நிறுத்தப்படும். தொழிலாளர் படை தெருவில் இறங்கி, வீடு வீடாகப் புகுந்து துளைகளையும் உறுப்புக்களையும் மாற்றிச் செல்லும். 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளில் சுமார் 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர் இல்லங்களில் இவ்வேலை நிறைவேறியது.

இதில் ஒருவரும் விண்ணப்பம் எழுதவில்லை. படிப்பறிவில்லாத கிழவிக்கும், படுக்கையில் கிடந்த நோயாளிக்கும், வாடகைக்கு ஓர் அறையில் குடியிருந்தவனுக்கும் வேலை நடந்தது. குழாய்க்கு ஏழை பணக்காரன் என்ற பேதம் தெரியாது. ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டில் ஆபத்து. ஆகவே எந்த வீட்டையும் விட்டுவிட முடியவில்லை. பழைய வீடுகளைச் செப்பனிடும் முயற்சிகளுள் இவ்வளவு விரிவாக, இவ்வளவு முழுமையாக நடந்தவை மிகச் சிலவே.

ஆனால் இப்பாடம் விரைவில் மறக்கப்பட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது; எரிபொருளின் விலை பன்மடங்காயிற்று. புதிய எரிபொருள் தேடுவதுடன் உள்ளதைச் சிக்கனமாகச் செலவிடுவதும் அவசியம் என்பதை மேலைநாடுகள் உணர்ந்தன. பிரிட்டனில் 1978-இல் வீட்டு வெப்பக்காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கூரைக்கும் உத்தரத்திற்கும் இடையிலுள்ள பரணில் கனிமப் பஞ்சு விரித்து வெப்பத்தைத் தடுக்க விரும்புவோர்க்கு மானியம் வழங்கப்பட்டது. நோக்கம் சிறந்ததே. ஆனால் விரும்புவோர் விண்ணப்பிக்க வேண்டும். செலவில் தம் பங்கைக் கொடுக்க வேண்டும். ஆளைத் தேடி அமர்த்த வேண்டும். இத்தகைய ஏற்பாட்டின் பயன் யாரை முதலில் எட்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சொந்த வீடும், கையில் சிறிது பணமும், படிவம் நிரப்பும் பழக்கமும் உள்ளவரே முன்வருவர்.

இதன் விளைவை ஆராய்ந்தவருள் பிரெண்டா போர்டுமன் என்னும் அம்மையார் முக்கியமானவர். 1991-இல் அவர் வெளியிட்ட நூல், எரிபொருள் வறுமை என்னும் கருத்தை நாடறியச் செய்தது. ஒரு குடும்பம் தன் வீட்டைப் போதிய வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால், அக்குடும்பம் அவ்வறுமையில் உள்ளதாகக் கொள்ளவேண்டும் என்றார் அவர். ஏழை வாழும் வீடே வெப்பத்தை அதிகமாகக் கசியவிடும் வீடு. எனவே அதே வெதுவெதுப்பைப் பெற ஏழை, பணக்காரனைவிட அதிக எரிபொருளை விலைக்கு வாங்க வேண்டியவனாகிறான். வாங்க இயலாதபோது குளிரில் இருக்கிறான். பணம் கொடுத்து உதவினால் அந்த ஆண்டின் குளிர் தீரும். வீட்டைச் செப்பனிட்டால் இனி வரும் ஆண்டுகளின் குளிரும் தீரும்.

இந்நிலையில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள கிர்க்லீஸ் என்னும் ஆட்சிமன்றம் பழைய பாடத்தை மீண்டும் கையில் எடுத்தது. ஹடர்ஸ்பீல்ட், டியூஸ்பரி முதலிய பழைய கம்பளி ஆலை நகரங்கள் அதில் அடங்கும். ஏறத்தாழ 1,70,000 வீடுகள். 2007 முதல் 2010 வரை அம்மன்றம் நடத்திய திட்டத்தின் விதி இதுதான்: வட்டம் வட்டமாகச் செல்வது, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவது, பரணுக்கும் இரட்டைச் சுவருக்கும் வெப்பக்காப்புத் தேவை என்றால் இலவசமாகச் செய்துகொடுப்பது. வருமானம் என்ன என்ற கேள்வி இல்லை. செலவின் ஒரு பகுதியை ஆட்சிமன்றமும், மற்றொரு பகுதியை எரிபொருள் விற்கும் கம்பெனியும் ஏற்றன. இத்தகைய கம்பெனிகள் வாடிக்கையாளர் வீடுகளில் சிக்கனப் பணிகளுக்கு உதவ வேண்டும் என்று அரசாங்கம் முன்னரே கடமை விதித்திருந்தது.

இரட்டைச் சுவருக்கு இடையிலிருந்த அந்த வெற்றிடம் இப்போது பயன்பட்டது. வெளிச்சுவரில் சிறு துளைகளிட்டு, குழாய் வழியே பஞ்சை ஊதி நிரப்பித் துளையை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு வீட்டிற்குச் சில மணி நேரமே பிடிக்கும். மூன்றாண்டுகளில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகள் இங்ஙனம் செப்பனிடப்பட்டன. கதவைத் தட்டியவர்கள் அத்துடன் நில்லாமல், குடும்பத்திற்கு உரிய அரசாங்க உதவித் தொகைகள் கிடைக்கின்றனவா என்று விசாரித்து வழிகாட்டவும் ஏற்பாடு இருந்தது.

வசதியுள்ளவர்க்கும் இலவசமாகக் கொடுப்பது வீண் செலவன்றோ என்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தனித்தனி வீட்டிற்கு ஆளும் வண்டியும் அனுப்பினால் பாதி நாள் வழியிலேயே கழியும். ஒரே தெருவில் இருபது வீடுகள் அடுத்தடுத்து இருந்தால் அதே ஆட்கள் அதிக வேலை செய்வர். ஒவ்வொருவர் வருமானத்தையும் சோதிக்க அலுவலர் வேண்டும், சான்று வேண்டும், காலம் வேண்டும். அன்றியும், ஏழைக்கு மட்டும் என்று அறிவித்தால் மானமுள்ள ஏழை ஒதுங்கி நிற்பான். தெருவில் எல்லார்க்கும் நடப்பதென்றால் அவனும் கதவைத் திறப்பான். அண்டை வீட்டார் செய்துகொண்டு நலமாயிருப்பதைக் கண்ணால் கண்டபின் ஐயம் நீங்கும்.

ஆயினும் இத்திட்டத்திற்கும் எல்லை உண்டு. மலைச்சரிவுகளில் உள்ள ஒற்றைக் கருங்கற்சுவர் வீடுகளில் பஞ்சு நிரப்ப வெற்றிடம் ஏது? அவற்றின் சுவர்களைச் செப்பனிடும் பணி எஞ்சியே நின்றது.

இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்றை 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தொடங்கிற்று. வீட்டுக்காரர் தாமே முன்வந்து, பரிசோதகரை அழைத்து, கடன் பெற்று வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். கடனை மின்கட்டணத்தோடு சிறிது சிறிதாகச் செலுத்தலாம். காகிதத்தில் இது குறையற்ற ஏற்பாடு. ஆனால் 2015-இல் அரசாங்கம் அதற்கு நிதி வழங்குவதை நிறுத்திக்கொண்டது. அதுவரை அக்கடனைப் பெற்ற குடும்பங்கள், நாடு முழுவதிலும், சுமார் 14,000. ஒரே ஓர் ஆட்சிமன்றம் மூன்றாண்டுகளில் செய்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு திட்டங்களின் வேலையும் ஒன்றல்ல, செலவு முறையும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும், கதவைத் தட்டிச் செல்வதற்கும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வெண்கள் ஓரளவு காட்டுகின்றன.

தெருவோடு செய்வதில் அபாயமே இல்லையா? உண்டு. அதையும் மறையாமல் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் பிஷ்விக் என்னும் பேட்டையில், 2013-ஆம் ஆண்டளவில், 300-க்கு மேற்பட்ட பழைய வீடுகளுக்கு வெளிச்சுவரின் மேல் வெப்பக்காப்புப் பலகை பொருத்தப்பட்டது. வேலை செம்மையாக நடக்கவில்லை. மழைநீர் பலகைக்குப் பின்னால் இறங்கிற்று. சுவரில் ஓதம் ஏறியது. அறைகளில் பூஞ்சணம் படர்ந்தது. வெதுவெதுப்பை எதிர்பார்த்த குடும்பங்கள் முன்னிலும் கேடான வீட்டில் வாழ நேர்ந்தது. ஒருவர் தம் வீட்டில் தவறு செய்தால் ஒரு வீடு கெடும். தெருவோடு செய்யும்போது தவறும் தெருவோடு நேரும். ஆகவே வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் பரிசோதித்தல், காற்றோட்டத்தை அடைத்துவிடாதிருத்தல், வேலை முடிந்து ஆண்டுகள் சில சென்றபின்னும் பதில் சொல்லப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மான்செஸ்டரின் பெயரைச் சற்று முன் குறிப்பிட்டோம். இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர்பெற்ற நகரங்களுள் அகமதாபாத் ஒன்று. ரண்சோட்லால் சோட்டாலால் 1861-இல் அங்கே முதல் பஞ்சாலையை ஓட்டினார். ஆலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புக்கள் பெருகின. அங்கே பகை குளிர் அன்று, வெயில். 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பநிலை 46 டிகிரி செல்சியசையும் கடந்தது. அந்த ஒரு மாதத்தில், முந்திய ஆண்டின் மே மாதத்தையும் அடுத்த ஆண்டின் மே மாதத்தையும் ஒப்பிட, 1,344 மரணங்கள் மிகுதியாக நேர்ந்தன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். லண்டனுக்கு 1952 எத்தகையதோ, அகமதாபாதுக்கு 2010 அத்தகையது. 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது.

எச்சரிக்கை செய்வதும் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் வெளியில் நடப்பவருக்கு உதவும். வீட்டிற்குள் வேகிறவருக்கு என் செய்வது? தகரக் கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் பகலெல்லாம் வெயிலை உண்டு அறைக்குள் உமிழ்கின்றன. 2017-இல் மாநகராட்சி சுமார் 3,000 கூரைகளை முதல் தவணையாக எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சுப் பூசும் முயற்சியைத் தொடங்கியது. சுண்ணாம்பு பூசுவது நம் முன்னோர் அறியாத வித்தையன்று. இத்தகைய கூரையின் கீழ் அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை தணியும் என்று கண்டிருக்கிறார்கள். 1994-இல் தோன்றிய மகிளா ஹவுசிங் டிரஸ்ட் போன்ற பெண்கள் அமைப்புக்கள் குடிசைப் பகுதிகளில் குடும்பம் குடும்பமாகச் சென்று இவ்வேலையைப் பரப்பியுள்ளன. தெலங்கானா மாநிலம் 2023-இல் இதற்கென ஒரு கொள்கையே வகுத்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப் பரப்பைக் குளிர்கூரையாக்குவதை இலக்காகக் கொண்டது.

இங்கும் அதே கேள்விதான் நம்முன் நிற்கிறது. வசதியுள்ளவர் குளிர்சாதனம் பொருத்திக்கொள்கிறார். அவர் அறை குளிர்கிறது. அறையின் வெப்பமும், இயந்திரத்தின் வெப்பமும் சேர்ந்து வெளியே வீசப்படுகின்றன. குறுகிய சந்தில் அக்காற்று எங்கே போகும்? எதிர்வீட்டுத் தகரக் கூரையின் கீழ்ப் படுத்திருப்பவரின் சன்னலுக்கே போகும். அன்று லண்டன் கணப்படுப்பின் புகை எதைச் செய்ததோ, அதையே இன்று நம் தெருக்களில் இந்த வெப்பக்காற்று சிறு அளவில் செய்கிறது. ஒருவர் தம் வீட்டை மட்டும் திருத்திக்கொள்ள முயலும்போது, தெரு கெடுகிறது. தெரு கெட்டபின் எல்லாரும் குளிர்சாதனத்தை இன்னும் நெடுநேரம் ஓட்டுகிறோம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்து ஏழைகளில் பலர் வாடகைக்குக் குடியிருப்போர். பலரிடம் பட்டா இல்லை. விண்ணப்பித்தவர்க்கே உதவி, உரிமைப் பத்திரம் காட்டியவர்க்கே மானியம் என்றால் வெயில் அதிகமாகக் காயும் கூரைகளே விட்டுப்போகும். தெரு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கூரை இருக்கிறதா என்பதே கேள்வி. அதன் கீழ் இருப்பவர் எவர் என்பது கேள்வியாகாது. தெருவை அலகாகக் கொள்ள வேண்டும் என்று நாம் கூறுவதற்கு முதன்மையான காரணம் செலவுச் சிக்கனமன்று; இதுவேயாகும்.

நகரசபைகள் கோடைக்கு முன் எந்தக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவது என்று பட்டியல் தயாரிக்கும்போது, மனுக்களை அடுக்கிவைத்து அதன்படி செல்லலாம். அன்றி, ஒரு சந்தின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரை செல்லலாம். முதல் முறையில் பட்டியல் விரைவில் முடியும். இரண்டாம் முறையில் சந்தின் கோடியில், மனு எழுதத் தெரியாமல், வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் முதியவரின் கூரையும் வெளுக்கும். எந்த முறையை நம் ஊர் மேற்கொள்கிறது என்பதை, வரும் பங்குனி மாதத்தில் நாம் ஒவ்வொருவரும் நம் வட்ட உறுப்பினரிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம்.